மையத்தை நோக்கி எட்டுப் பேர்

முப்பத்தைந்து கேள்வி, இருபது நிமிஷம், ஆரம்பிச்சாச்சு. போனில் டைமரைத் தட்டிவிட்டு, முதுகில் 'தங்கப்பாண்டி பந்தல்' என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதின பிளாஸ்டிக் சேரில் பூங்கொடி உட்கார்ந்தாள். மடியில் காய் நறுக்குகிற பலகை, பலகை மேல் மாதிரி வினாத்தாள். உள்ளறைக் கட்டிலில் புருஷன் தங்கப்பாண்டி மத்தியானச் சோற்றைத் தின்றுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அந்தக் குறட்டை நிற்பதற்குள் இதை முடித்தாக வேண்டும், முழித்தால் டீ என்பான், டீ குடித்தால் பேச்சு என்பான், அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். முதல் கேள்வி. எல்லா நாற்காலிகளும் மேசைகள். சில மேசைகள் கதவுகள். முடிவு: சில நாற்காலிகள் கதவுகள். எவன் வீட்டில்டா நாற்காலி எல்லாம் மேசையாக இருக்கிறது? இங்கே வந்து பாருங்கடா, சுவர் தெரியாமல் கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருக்கிறான் மனுஷன், ஊரில் எவன் வீட்டில் விசேஷம் என்றாலும் வாடகைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து இந்தக் கூடத்தில்தான் ஏறி நிற்கிறது, பெத்த பிள்ளைக்குப் படுக்க இடமில்லை, நாற்காலிக்கு இடமிருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்வீட் கடை மாடியில் பேங்க் பரீட்சைக்குப் பாடம் எடுக்கிற ஜெபராஜ் சார் படித்துப் படித்துச் சொல்வார்: "உலகத்துல இப்படி நடக்குமான்னு பாக்காதீங்கம்மா. கேள்வில என்ன சொல்லியிருக்கோ அதை மட்டும் பாருங்க." சரி சார், பாக்கலை. கல்யாணமாகிப் பதிமூணு வருஷமா நான் வேறென்ன செஞ்சுக்கிட்டிருக்கேன்? முடிவு தொடராது. டிக் போட்டாள்.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. எண் வரிசை, எழுத்து வரிசை, கை தானாக ஓடியது. ஓடுகிற கையைப் பார்த்ததும் வயிற்றில் ஒரு சந்தோஷம் குதித்தது, அதன் பின்னாலேயே எரிச்சலும் வந்தது. இவ்வளவும் எதுக்குடி, ஞாயித்துக்கிழமை நீ போகவா போற? இன்றைக்கு வியாழன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மதுரையில் பரீட்சை. காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி அவள் வட்டம் போட்டு ஒன்றரை மாதமாகிறது, வட்டத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே பல் துலக்குகிற மனுஷன்தான் அதே தேதியில் மகளுக்குச் சடங்கு என்று மண்டபத்துக்குச் சொல்லிவிட்டு வந்தான். கனிஷ்கா வயசுக்கு வந்து இன்றைக்கு எட்டாம் நாள். ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை, நல்ல நாள்தான், ஐயரே சொன்னார். ஆனால் வெள்ளிக்கிழமை சேர் எல்லாம் பாலவநத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறதாம். "சேரு வெளிய போயிருமே, ஞாயித்துக்கிழமையே வச்சிருவோம், எல்லாருக்கும் லீவு," என்றான். "மாமா, அன்னைக்கு எனக்குப் பரீட்சை. இந்த வருஷம் விட்டா வயசு தாண்டிரும், அடுத்து எழுத விடமாட்டாங்க." "தாண்டுனா தாண்டட்டும். நீ வேலைக்குப் போயித்தான் இங்க உலை கொதிக்கணுமா?" அவ்வளவுதான். சேருக்கு வழி பண்ணினான், பொண்டாட்டிக்கு வழி பண்ணவில்லை. அவளும் வாயை மூடிக்கொண்டாள். மூடின வாயோடு ஹால் டிக்கெட்டை எடுத்து அரிசி டின்னுக்குள் பாலித்தீன் கவரில் சுற்றி வைத்தாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. கூடப் படிக்கிற பாத்திமா மட்டும் தினமும் போன் பண்ணுகிறாள், "எங்க அக்கா வீடு மதுரைல சென்டருக்குப் பக்கத்துத் தெருதான் பூங்கொடி, பையை அங்க வச்சுட்டுப் போயிரலாம், வருவேல்ல?" என்று. வருவேன் என்று சொல்ல இவளுக்கு வாய் வந்தால்தானே.

ஒன்பதாவது கேள்வி. ரமேஷ் வடக்கு நோக்கி ஐந்து கிலோமீட்டர் நடந்து, வலது பக்கம் திரும்பி மூன்று கிலோமீட்டர் நடந்து, மறுபடி வலது பக்கம் திரும்பி ஐந்து கிலோமீட்டர் நடக்கிறான். புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறான்? வேலைவெட்டி இல்லாத பயல், பதிமூணு கிலோமீட்டர் நடந்து மூணு கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கிறான். அதுவாவது போனானே. பூங்கொடி என்பவள் பிறந்த வீட்டு வாசலிலிருந்து வடக்கே நாலு வீடு நடந்து, வலது பக்கம் திரும்பி ரெண்டு வீடு நடந்தாள், மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டாள், அங்கேயே நிற்கிறாள். மகள் புகுந்த வீட்டில் என்ன குழம்பு வைத்தாள் என்று அம்மா பவுன்தாய்க்கு மோப்பத்திலேயே தெரிந்துவிடும். அம்மா வந்துபோக வசதி என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள். ஆமா, வசதிதான், அழுதால்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும் என்று தலையணையில் முகத்தை வைத்து அழுகிற வசதி. மூன்று கிலோமீட்டர், விடை பி. நிமிஷம் ஆறு ஓடிவிட்டது. பின்கட்டிலிருந்து நல்லெண்ணெயும் உளுந்தங்களியுமாக ஒரு வாடை வந்தது. அங்கே கயிற்றில் பழைய சேலையைத் திரையாகத் தொங்கவிட்டு, குறுக்கே உலக்கையைப் போட்டு, தனித் தட்டு தனி டம்ளரோடு கனிஷ்காவை உட்கார வைத்திருந்தார்கள். பன்னிரண்டு வயசு. ஏழாவது படிக்கிறது. எட்டு நாளாகப் பள்ளிக்கூடம் இல்லை. "அம்மா, மணி என்னம்மா?" என்று அரைமணிக்கு ஒருதரம் கேட்கிறது, எங்கேயோ போகப் புறப்பட்டு நிற்கிற மாதிரி.

பதினான்காவது. கை நின்றது. ஒரு புகைப்படத்தைக் காட்டி பிரியா சொன்னாள்: 'இவர் என் அம்மாவின் ஒரே சகோதரர்.' அப்படியானால் பிரியாவின் மகளுக்கு அவர் என்ன உறவு? ஏ: தாத்தா முறை. பி: மாமா. சி: அப்பா. டி: அண்ணன். ஈ: தரவு போதாது. வந்துட்டியா, வாடி மகராசி, உன்னைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். போன வருஷம் பரீட்சையில் முக்கால் மார்க்கில் போனது. தப்பான விடை மூன்று, ஒவ்வொன்றுக்கும் கால் மார்க் கழித்தான், மூன்றும் உறவுமுறைக் கேள்வி. மற்றதில் எல்லாம் தேறினவள் இதில் மட்டும் விழுகிறாளே என்று ஜெபராஜ் சாருக்கே ஆச்சரியம். "எங்க, போர்டுல வந்து போடும்மா," என்றார். அவர் சொல்லிக்கொடுத்த முறை சுலபம்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கூடப் பிறந்தவர்களுக்கு ஒற்றைக் கோடு, புருஷன் பொண்டாட்டிக்கு இரட்டைக் கோடு, பிள்ளைகளுக்குக் கீழ்நோக்கி ஒரு கோடு. பூங்கொடி சாக்பீசை வாங்கி அம்மாவுக்கு ஒரு வட்டம் போட்டாள், பக்கத்தில் அம்மாவின் தம்பிக்குச் சதுரம், நடுவில் ஒற்றைக் கோடு. அம்மாவுக்குக் கீழே மகள். பிறகு தன்னையறியாமல், மகள் வட்டத்திலிருந்து மேலே சாய்வாக, அந்தச் சதுரத்துக்கு இரட்டைக் கோடு இழுத்துவிட்டாள். வகுப்பே சிரித்தது. எல்லாம் இருபது இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகள். சார் சிரிக்கவில்லை, டஸ்டரை எடுத்து மெதுவாக அழித்தார். "அப்படி ஒரு கோடு கிடையாதும்மா. இந்தத் தலைமுறை இந்த வரிசை, அடுத்த தலைமுறை அடுத்த வரிசை. கோடு குறுக்க ஏறக் கூடாது." கிடையாதா சார்? மதுரையில் ஒரு டாக்டரம்மா போட்டார்களே. எட்டு வருஷத்துக்கு முன்னால், பதினோரு நாள் மட்டும் உயிரோடு இருந்த பையனைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது, அந்தம்மா வெள்ளைத் தாளில் இதே சதுரம், இதே வட்டம் போட்டுக்கொண்டே கேட்டார்கள், "சொந்தத்துல கல்யாணமா?" "ஆமா மேடம்." "என்ன சொந்தம்?" "அம்மா கூடப் பிறந்த தம்பி." பேனா ஒரு நிமிஷம் நின்றது, பிறகு சாய்வாக ஏறிப் போய் இரட்டைக் கோட்டைப் போட்டது. அந்தக் கோடு இருக்கிறது சார். உங்க புத்தகத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு மட்டும் என்ன, விடை தெரியாமலா இருக்கிறது? அம்மாவின் ஒரே சகோதரர். புகைப்படத்தில் அல்ல, இதோ கட்டிலில், வாயைத் திறந்துகொண்டு, வேட்டி முழங்காலுக்கு மேலே ஏறிக் கிடக்க. என் மகளுக்கு அவர் அப்பா. வேறென்ன? ஆனால் பிரியா வீட்டில் அப்படியில்லை. பிரியா வீட்டில் அம்மாவின் தம்பி மாமாவாகவே இருந்து, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோடு வந்து, பிரியாவின் மகளுக்குத் தாத்தா முறையாகிக் கிழவனாகிறான். கொடுத்து வைத்தவள். அந்தப் பிரியாவின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும் போலிருந்தது. தங்கப்பாண்டியும் ஒரு காலத்தில் அப்படித்தானே வந்தான்? கொய்யாப்பழம் வாங்கி வருவான். சைக்கிள் சீட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் ஓடி வருவான், "மிதி, மிதி, நான் பிடிச்சிருக்கேன்," என்று. அவன் பிடித்திருக்கிறான் என்ற தைரியத்தில்தான் மிதித்தாள். அவளுக்குச் சடங்கு என்றபோது தாய்மாமன் என்ற முறையில் பச்சை ஓலை வெட்டி வந்து குச்சு கட்டினதும் அவன்தான், பட்டுப்பாவாடைத் தட்டைத் தலையில் தூக்கி வந்ததும் அவன்தான். மாமா வந்துட்டார் மாமா வந்துட்டார் என்று அவள் குதித்தாள், பதிமூணு வயசு, கிறுக்கி. நாலு வருஷம் கழித்து, பிளஸ் டூ பரீட்சை முடிந்த மறுவாரம், அம்மா முற்றத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே சொன்னாள், "மாமாவுக்கே பேசி முடிச்சாச்சு." வானிலை சொல்கிற மாதிரி சொன்னாள். சைக்கிள் சீட்டிலிருந்து அந்தக் கையை அவன் எடுக்கவே இல்லை போல.

குறட்டை ஒருதரம் தடுக்கி நின்றது. பூங்கொடி பேனாவைத் தூக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்தாள். கட்டில் கிறீச்சிட்டது, அவன் புரண்டு படுத்தான், மறுபடி குறட்டை. பயமா? ஆமாம் பயம்தான், சொல்ல என்ன வெட்கம். அவன் ஒருநாளும் கை நீட்டினதில்லை, சோற்றுத் தட்டைத்தான் எறிவான், தட்டு சுவரில் மோதுகிற சத்தத்துக்கு அவள் தோள் பதிமூணு வருஷமாகத் தானாகவே ஒடுங்குகிறது. இன்னும் ஒன்பது நிமிஷம். விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போடி என்றது ஒரு மனசு. போக முடியவில்லை. ஏனென்றால் செவ்வாய்க்கிழமை அடுப்படியில் பவுன்தாய் பேசின பேச்சு இந்தக் கேள்விக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பணியாரம் ஊற்றிக்கொண்டே, எண்ணெய் தெறிக்கத் தெறிக்க, "சடங்கோட சடங்கா ஒரு வார்த்தை சொல்லிவச்சிருவோம்டி, சபையில நாலு பேரு இருக்கையில," என்றாள். என்ன வார்த்தை என்று கேட்டாள் இவள், தெரிந்தே கேட்டாள். "நம்ம முனீசுக்குத்தான். வெளிய போயி எதுக்குப் பொண்ணு தேடணும்? அவனுக்கும் கனிஷ்காவுக்கும் பத்து வயசுதானே வித்தியாசம். உனக்குப் பதிமூணு. நீ என்ன கெட்டா போயிட்ட?" நீ என்ன கெட்டா போயிட்ட. இந்த வாக்கியத்தை எந்தக் கோட்டில் போட்டு விடை காண்பது ஜெபராஜ் சார்? முனீஸ் இவளோட கூடப் பிறந்த தம்பி. பத்து வயசில் இவள் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பருப்புச்சோறு ஊட்டின தம்பி, சளி பிடித்தால் இவள் பாவாடையில்தான் மூக்கைத் துடைப்பான். நல்ல பையன். அதுதான் கஷ்டம், நல்ல பையன். கனிஷ்காவுக்குப் போன கோடைக்குச் சைக்கிள் பழக்கிவிட்டான். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் ஓடினான். அம்மா இந்தப் பேச்சை எடுத்தபோது வாசல்நிலையில் சாய்ந்துகொண்டு போனை நோண்டிக்கொண்டிருந்தவன், "போம்மா, நீ வேற," என்று சிரித்தான். சிரித்தானே ஒழிய வேண்டாம் என்று சொல்லவில்லை. இவள் காத்திருந்தாள். பணியாரம் ஒரு ஈடு வெந்து, இரண்டாம் ஈடு வெந்து, மூன்றாம் ஈடு கருகியது. அவன் சொல்லவில்லை.

மறுபடி கேள்வியைப் படித்தாள். ஒரு புகைப்படத்தைக் காட்டி பிரியா சொன்னாள், இவர் என் அம்மாவின் ஒரே சகோதரர். இத்தனை நாளும் இந்தப் பிரியாவின் இடத்தில் தன்னையே உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால்தான் தப்பு வந்துகொண்டிருந்தது. இப்போது அந்த இடத்தில் கனிஷ்காவை வைத்தாள். ஸ்கூல் யூனிபார்மில், ரெட்டை ஜடையில், கையில் ஒரு போட்டோ. போட்டோவில் முனீஸ். இவர் என் அம்மாவின் ஒரே சகோதரர். கனிஷ்காவுக்கு என்றைக்கோ பிறக்கப்போகிற மகளுக்கு அவன் என்ன உறவு? காறித் துப்ப வேண்டும் போலிருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அப்பாவா? அந்த சி-க்காகவா என் மகளை உட்கார வைத்து மஞ்சத்தண்ணி ஊத்தப் போறீங்க? பதினோரு நாள், சின்னக் குழி, அதன்மேல் முள்ளு வெட்டிப் போட்டார்கள் நாய் தோண்டாமலிருக்க. பூங்கொடி பேனாவை அழுத்தி ஏ என்ற எழுத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். தாத்தா முறை. தாத்தா முறைதான்டா, கேட்டுக்கோங்க, என் தம்பி என் பேத்திக்குத் தாத்தாவாகத்தான் இருப்பான். பேனா தாளைக் கிழித்துப் பலகையில் இறங்கியது. உறவுமுறைக் கேள்வி ஒன்றில் அவள் சரியான விடை போடுவது இதுதான் முதல் தடவை.

அதன் பிறகு கை மறுபடி ஓடியது. பதினைந்து, பதினாறு, பெரியது சிறியது குறி போட்ட கேள்விகள் ஐந்தையும் ஒரே மூச்சில் முடித்தாள். மற்றதையும் தட்டிவிட்டுக் கடைசியில் இருந்த இருக்கை வரிசைக்கு வந்தபோது நாலு நிமிஷம் மிச்சம். எட்டுப் பேர் ஒரு வட்ட மேசையைச் சுற்றி மையத்தை நோக்கி அமர்ந்துள்ளனர். நேரங்காலம் பார்க்காமல் வாய்விட்டுப் படித்துவிட்டாள் போலிருக்கிறது, திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது, "அம்மா, எனக்குக் கேக்குது, முழுசாப் படி." படித்தாள். ஏ-வுக்கு இடப்புறம் மூன்றாவதாக டி. டி-க்கு நேர் எதிரே எஃப். பி-யும் ஜி-யும் அருகருகே இல்லை. படிக்கப் படிக்க ஏ தங்கப்பாண்டியானான், வெள்ளை வேட்டியில், கையில் மைக்கோடு. டி பவுன்தாய், பட்டுச்சேலையில். எதிரே எஃப், சீர்த்தட்டோடு முனீஸ். மற்ற சேர்களில் சித்தப்பா, சித்தி, நகைக்கடைப் பை வைத்துக்கொண்டு ஊர்ச்சனம். எல்லாம் தங்கப்பாண்டி பந்தல் சேர்தான், முதுகுக்கு முதுகு சிவப்பு எழுத்து. "அம்மா," என்றாள் கனிஷ்கா, "எட்டுப் பேரும் நடுவைத்தான பாக்குறாங்க? நடுவுல யாரு இருக்கா?" "யாரும் இல்லடி. கேள்வில அப்படி யாரும் கிடையாது." "யாருமே இல்லன்னா எதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க? லூசுங்களா?" களுக்கென்று சிரித்தது குழந்தை. சிரித்து முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அம்மா, ஞாயித்துக்கிழமை என்னைய அப்படித்தானே உக்கார வைப்பாங்க? முனீஸ் மாமா மாலை போடுமாம்ல. அம்மாச்சி சொல்லுச்சு. எனக்கு ஒரு மாதிரி இருக்கும்மா," என்றது. பூங்கொடி மறுபடி வினாத்தாளைப் பார்த்தாள். நடுவில் யாரும் இல்லை. கேள்வித்தாளில் இத்தனை வருஷமாக எழுதியே இருக்கிறது, நடுவில் யாரும் இல்லாமலும் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், இடது வலது எதிர் என்று எல்லா விடையும் சரியாகவே வரும். தான் எழுதப் போனால் மண்டபத்தில் பெண்ணைத் தனியாக விட்டுவிட்டுப் போக வேண்டுமே என்றுதான் எட்டு நாளாக வாய் கட்டிக் கிடந்தது. ஏண்டி விட்டுவிட்டுப் போக வேண்டும்? பாத்திமாவின் அக்கா வீட்டில் பையை வைக்கலாமென்றால் பிள்ளையை வைக்கக் கூடாதா? எட்டு நாளாகக் குருடியா நீ? அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரமாக வந்தது.

குறட்டை நின்றுவிட்டிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. தங்கப்பாண்டி உள்ளறை வாசலில் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றான். "என்ன, படிப்பெல்லாம் பலமா இருக்கு? டீயைப் போடு. மண்டபத்துக்காரன் வரச்சொன்னான்." அவள் தோள் வழக்கம்போல ஒடுங்கியது. ஒடுங்கின தோளோடேயே, எழுந்திருக்காமல், சொன்னாள். "மாமா, ஞாயித்துக்கிழமை காலைல முதல் பஸ்ஸுக்கு நான் மதுரைக்குப் போறேன். பரீட்சை எழுத." அவனுக்குக் கோபம்கூட வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. "சரி போ. எங்க அக்கா இருக்கா, எல்லாம் பாத்துக்கிரும். ஆத்தா இல்லாட்டி சடங்கு நடக்காதா என்ன?" "கனிஷ்காவும் என்கூட வருது." இப்போது கொட்டாவி பாதியில் நின்றது. "ஏய், என்ன பேசுற? அறிவிருக்கா? சனம் பூராவும் வந்து உக்காந்திருக்கும். புள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டா அப்புறம் மேடையில யாரை உக்கார வைக்கிறது?" பக்கத்து ஜன்னலில் காயப்போட்டிருந்த சோற்றுத் தட்டை அவன் கை தொட்டுக்கொண்டிருந்தது. பூங்கொடி அந்தக் கையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், பிறகு கூரை வரைக்கும் அடுக்கியிருந்ததைப் பார்த்தாள். "சேருதான் இத்தனை இருக்கே மாமா. ஒண்ணை எடுத்து நடுவுல போடுங்க." சரியாக அந்த நேரம் பார்த்து டைமர் அலறியது. முப்பத்தைந்தில் முப்பத்தொன்று போட்டிருந்தாள், மிச்சத்தைத் தெரிந்தே விட்டிருந்தாள், தப்பாய்ப் போட்டால் கழித்துவிடுவான். தட்டு சுவரில் மோதி விழுந்து கூடம் பூராவும் உருண்டது. அது உருண்டு நிற்கிற வரைக்கும் அவள் சேரை விட்டு எழுந்திருக்கவில்லை. பின்கட்டில் உலக்கை நகர்கிற சத்தம் கேட்டது, சேலைத் திரை ஒதுங்கியது. "அம்மா," என்றாள் கனிஷ்கா, "பஸ்ல ஜன்னலோரம் எனக்கு."